ஒரே அட்டை மாத்திரை, மூன்று வலி

கானாடுகாத்தானிலிருந்து மாதம் ஒரு தடவை எங்கள் கடைக்கு வரும் ஆச்சி ஒருவர், போன கார்த்திகையில் பைக்குள்ளிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். சீடை போட்டு வைக்கிற அளவு டப்பா. உள்ளே கத்தரிக்கோலால் வெட்டி வெட்டிச் சேர்த்த மாத்திரை அட்டைகள். ஒன்றில் பெயர் பாதி இருக்கிறது, இன்னொன்றில் தேதி பாதி இருக்கிறது. அத்தனையும் ஒரே மாத்திரை: அசிக்ளோஃபினாக், பாரசிட்டமால், செராஷியோபெப்டிடேஸ் மூன்றும் சேர்ந்தது. எந்தக் காலத்திலோ ஒரு டாக்டர் ஆச்சியின் முட்டிக்கு ஐந்து நாளைக்கு எழுதிக்கொடுத்தது. ஆச்சி அதை இன்னும் முட்டிக்குப் போடுகிறார். அவர் வீட்டுச் செட்டியார் பாத எரிச்சலுக்குப் போடுகிறார். வீட்டைக் காவல் பார்ப்பவரின் மகன் ஆத்தங்குடியில் டைல் வேலை செய்கிறான். இடுப்பு பிடித்துக்கொண்ட நாளில் வந்து இரண்டு வாங்கிக்கொண்டு போகிறான்.

“எல்லாம் வலிதானே தம்பி” என்றார் ஆச்சி.

அன்றைக்கு அவர் வந்தது மாத்திரைக்கு அல்ல, யோசனை கேட்க. தை மாதம் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிற கூட்டத்தில் இந்தத் தடவை தானும் நடப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறார். முட்டி விடவில்லை. மதுரையில் ஒரு மருத்துவமனையில் பிளாஸ்மா ஊசி மூன்று போட்டால் ஜவ்வு வளர்ந்துவிடும், 36,000 ரூபாய் ஆகும் என்றார்களாம். இன்னொரு இடத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, மூட்டை மாற்றுவதுதான் வழி என்றார்களாம். சிங்கப்பூரில் இருக்கும் மகள் இரண்டும் வேண்டாம், நடக்கவே வேண்டாம் என்கிறாளாம். “நீ சொல்லு. எதுக்குத்தான் கேக்கும் இந்த முட்டி?”

நான் டாக்டர் இல்லை. பி.பார்ம். முடித்துவிட்டு காரைக்குடியில் 25 வருஷமாக மெடிக்கல் நடத்துகிறவன். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மாத்திரை அந்த டப்பா நிறையக் கிடந்தது. அதில் என் கடை அட்டையும் இருந்தது. அந்த உறுத்தலில்தான், ஒவ்வொரு வலிக்கும் எதை எதோடு வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன். இதை வைத்து எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவோ ஆரம்பிக்கவோ வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள இது உதவும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். வலி ஏறும், இறங்கும். நாம் வைத்தியரைத் தேடிப் போவது அது உச்சத்தில் இருக்கிற நாளில். அதற்கப்புறம் எது செய்தாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும், கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இறங்குகிற நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பேர் போய்விடும். தைலமாக இருந்தால் தைலம், ஊசியாக இருந்தால் ஊசி. “எனக்குக் கேட்டுச்சே” என்று ஒருவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் எது கேட்டது என்று அவருக்கே தெரியாது. அதனால்தான் ஆராய்ச்சியில் ஒரு பாதிப் பேருக்கு நிஜ மருந்தும், மறுபாதிக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று மருந்தும் கொடுக்கிறார்கள். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

இதை அறுவை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டனில் முட்டித் தேய்மானம் உள்ள 180 பேரைச் சேர்த்து, சிலருக்கு மூட்டுக்குள் குழாய் விட்டுச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், சிலருக்குக் கழுவி மட்டும் விட்டார்கள், மற்றவர்களுக்குத் தோலில் மூன்று கீறல் மட்டும் போட்டுத் தைத்துவிட்டார்கள். கீறல் மட்டும் போட்டவர்களின் பக்கத்தில், மூட்டைக் கழுவுகிற மாதிரி சத்தம் கேட்க வேண்டும் என்று உப்புத் தண்ணீரைத் தளும்பவிட்டார்களாம். இரண்டு வருஷம் பார்த்தார்கள். மூன்று கூட்டத்துக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. 2002ல் வந்த இந்த முடிவைப் படித்ததிலிருந்து, முட்டிக்கு யார் எதைச் சொன்னாலும் நான் கேட்கிற முதல் கேள்வி: வெற்று மருந்தோடு வைத்துப் பார்த்தார்களா?

இன்னொரு அளவும் வேண்டும். வலிக்கு மார்க் போடச் சொல்வார்கள். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. அதில் இரண்டு மார்க், அல்லது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கினால்தான் நோயாளி தானாக “பரவாயில்லை” என்று சொல்வார். அரை மார்க் இறங்குவது கணக்கில் வரும், காலில் வராது.

ஆச்சியின் முட்டி

டப்பாவில் இருந்த மாத்திரையிலிருந்தே ஆரம்பிக்கலாம். மூன்று மருந்தில் செராஷியோபெப்டிடேஸ் வீக்கத்தைக் கரைக்கும் என்று சேர்ப்பது. ஜப்பானில் இதை வெகுகாலம் விற்றுவந்த டக்கீடா கம்பெனி, வெற்று மாத்திரையோடு வைத்துச் சோதித்ததில் வித்தியாசம் தெரியாமல் 2011ல் தானே சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. நம் ஊரில் இன்னும் ஜோராக ஓடுகிறது. பாரசிட்டமால் காய்ச்சலுக்கு நல்ல மருந்து. தேய்ந்த முட்டியில், பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தபோது வெற்று மாத்திரையைவிட நூற்றுக்கு மூன்று மார்க்தான் கூடுதலாகக் குறைத்தது. மீதி இருப்பது அசிக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக்கின் பங்காளி. இந்த வகை மாத்திரைகள் முட்டிவலிக்கு உண்மையிலேயே கேட்கும். சிக்கல் என்னவென்றால் வயிற்றுப் புண், ரத்தக் கொதிப்பு, கிட்னி, இதயம் என்று நாலு பக்கமும் கை நீட்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ரோஃபிகாக்சிப் 2004ல் மாரடைப்பு காரணமாக உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. ஆச்சிக்கு வயது 68, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். ஐந்து நாளைக்கு எழுதியதை ஐந்து வருஷம் போடுவது சரியில்லை என்று சொல்ல ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

அதே டைக்ளோஃபினாக் ஜெல்லாகவும் வருகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் தடவியவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு வலி நன்றாகக் குறைந்தது. வெற்று ஜெல் தடவியவர்களில்? பத்துக்கு ஐந்து பேருக்கு. படிக்கும்போது எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் கொஞ்சம் யோசித்தால், தடவி நீவிவிடுவதிலேயே பாதிப் பேருக்குக் குணம் தெரிகிறது, மருந்து அதற்குமேல் ஒருவரைச் சேர்க்கிறது, ரத்தத்தில் போய்ச் சேர்வதோ மிகக் கொஞ்சம். வயதானவர் முட்டிக்கு இதைவிடச் செலவும் ஆபத்தும் குறைந்த ஆரம்பம் இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் முட்டிக்கு முதலில் ஜெல், பிறகுதான் மாத்திரை என்கிறது. ஒரு நுணுக்கம்: பொட்டு வைக்கிற மாதிரி தொட்டுத் தடவினால் ஒன்றும் ஆகாது. அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கிற அளவுக்குப் பிதுக்கி, முட்டியைச் சுற்றி, தினம் மூன்று நாலு தடவை, இரண்டு மூன்று வாரம் விடாமல் தடவ வேண்டும். எங்கள் கடையில் ஒரு டியூபை ஆறு மாதம் வைத்திருக்கிறவர்கள் உண்டு.

இப்போது அந்த 36,000 ரூபாய். நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த மஞ்சள் நீரைப் பிரித்து முட்டிக்குள் ஏற்றுவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 288 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு பிளாஸ்மா, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர், வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டு ஒரு வருஷம் கழித்துப் பார்த்தார்கள். பிளாஸ்மா போட்டவர்களுக்கு வலி 2.1 மார்க் இறங்கியிருந்தது. உப்புத் தண்ணீர் போட்டவர்களுக்கு 1.8. ஜவ்வு வளர்ந்ததா என்று எம்.ஆர்.ஐ. எடுத்தும் பார்த்தார்கள், அதிலும் வித்தியாசம் இல்லை. 2021ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்தது. மதுரையில் ஆச்சிக்குச் சொன்னது பொய்யென்று நான் சொல்லவில்லை. பிளாஸ்மா போட்டு நடமாடுகிறவர்களை எனக்கும் தெரியும். உப்புத் தண்ணீர் போட்டாலும் அவர்களில் பலர் நடமாடியிருப்பார்கள் என்பதுதான் விஷயம்.

ஸ்டீராய்டு ஊசி வேறு கதை. உள்ளே போன சில நாளில் வலி நிஜமாகவே இறங்கும். சில வாரம் தாங்கும். தங்கை கல்யாணம், புதுமனை என்று ஒரு நாளைக் கடத்த வேண்டியவர்களுக்கு டாக்டர்கள் போடுவது இதனால்தான். தொடர்ந்து போட்டால்? 140 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டும் மீதிப் பேருக்கு உப்புத் தண்ணீரும் மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருஷம் போட்டுப் பார்த்த ஆராய்ச்சியில் வலியில் லாபம் இல்லை, ஜவ்வு மட்டும் உப்புத் தண்ணீர் போட்டவர்களைவிடக் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. இன்னொன்றில் ஸ்டீராய்டு ஊசியையும் பிசியோதெரபியையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள், 156 பேர். ஒரு வருஷம் கழித்து பிசியோதெரபி செய்தவர்கள்தான் தேவலாம் என்று இருந்தார்கள்.

அப்போ உடற்பயிற்சிதான் என்று முடித்துவிடலாமா? முடித்துவிட ஆசைதான். ஆனால் டென்மார்க்கில் 2022ல் ஒரு வேலை செய்தார்கள். 206 பேரில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் முறையான பயிற்சி. மீதிப் பேருக்கு, “இது வெறும் உப்புத் தண்ணீர்தான்” என்று சொல்லியே முட்டிக்குள் நாலு ஊசி. இரண்டு பக்கமும் ஒரே அளவு குணம். சொல்லிவிட்டுப் போட்டும் கூட! இதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டது: வலி மார்க்கில் இரண்டும் சமம் என்றாலும், உப்புத் தண்ணீர் தொடைத் தசையை வளர்க்காது, தடுமாறும்போது விழாமல் பிடிக்காது. சுகர், பி.பி.க்கும் ஒன்றும் செய்யாது. பயிற்சி செய்யும். உடம்பு கனத்தவர்களுக்கு எடைக் குறைப்பும் சேர்ந்தால் முட்டிக்கு இன்னும் நல்லது என்று 454 பேரை ஒன்றரை வருஷம் பார்த்த ஆராய்ச்சி சொல்கிறது. இதை எங்கள் ஊர்ப் பந்தியில் உட்கார்ந்து யாரிடம் சொல்வது என்பது தனிப் பிரச்சனை. நல்லவேளை, ஆச்சி ஒல்லி.

கடைசியாக மூட்டு மாற்று. மேலே சொன்ன எதற்கும் இல்லாத பலம் இதற்கு உண்டு. டென்மார்க்கிலேயே 100 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மூட்டை மாற்றிப் பிறகு பயிற்சி, இன்னொரு பக்கம் அறுவை இல்லாமல் பயிற்சி, உணவு, செருப்புக்குள் வைக்கும் மெத்தை, மருந்து என்று கொடுத்தார்கள். மாற்றியவர்களுக்குத்தான் வலி தெளிவாகக் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் ரத்தக் கட்டு, தொற்று போன்ற கடுமையான பக்க விளைவுகள் அவர்கள் பக்கம் 24, மறுபக்கம் 6. அறுவை இல்லாத கூட்டத்தில் ஒரு வருஷத்துக்குள் “எனக்கும் மாற்றிவிடுங்கள்” என்று வந்தது 50க்கு 13 பேர் மட்டும். இதை நான் இப்படித்தான் படிக்கிறேன்: கடைசியில் மாற்று தேவைப்படலாம், ஆனால் முதலில் மூன்று மாதம் மற்றதை ஒழுங்காகச் செய்துபார்ப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டிலிருந்து மத்திய அரசின் உச்சவரம்பும் இருக்கிறது. பில்லில் மூட்டின் விலையைத் தனியாகப் போட்டுக் கேளுங்கள்.

ஐயாவின் பாதம்

செட்டியாருக்கு 16 வருஷமாகச் சுகர். ராத்திரி இரண்டு பாதமும் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியும் என்பார். போர்வை பட்டாலே ஆகாது. பன்னிரண்டு மணிக்கு எழுந்து வந்து வளவில் உட்கார்ந்து, ஆத்தங்குடித் தரையின் குளிர்ச்சியில் பாதத்தை வைத்துக்கொண்டு விடிகிற வரைக்கும் இருப்பாராம். “அப்பச் சுகமா இருக்கும், எடுத்தா மறுபடி ஆரம்பிச்சுரும்.”

முட்டிவலியில் மூட்டு கெட்டுப்போய், அந்தச் சேதியை நரம்பு மேலே கொண்டுபோகிறது. செட்டியாரின் பாதத்தில் கெட்டுப்போயிருப்பது நரம்பேதான். வீட்டில் அடுப்பு எரியாமலே தீ மணி அடிக்கிற மாதிரி. அசிக்ளோஃபினாக் மாதிரியான மாத்திரைகள் அடிபட்ட, வீங்கின இடத்தில் சுரக்கும் புராஸ்டகிளாண்டின் என்ற வலி ரசாயனத்தைத் தடுத்து வேலை செய்பவை. இங்கே தடுக்க வீக்கமே இல்லை. பலன் கிடையாது, கெடுதல் மட்டும் உண்டு. சுகரால் ஏற்கெனவே களைத்த கிட்னி, அதற்குமேல் பி.பி.க்கு டெல்மிசார்டான், நீர் பிரிய ஒரு மாத்திரை. இந்த மூன்றோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் கிட்னி திடீரென்று நின்றுவிடக் கூடும். டைக்ளோஃபினாக் கொடுத்த மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கிட்னி போய்க் கூட்டம் கூட்டமாக அழிந்துதான், 2006ல் இந்தியாவில் மாட்டு வைத்தியத்துக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதக் கிட்னி கழுகுக் கிட்னி இல்லைதான். இருந்தாலும், அந்த இரண்டு மாத்திரைச் சீட்டோடு ஒருவர் வந்து வலி மாத்திரையும் கேட்டால் எனக்குக் கழுகு ஞாபகம் வந்துவிடுகிறது.

நரம்பு வலிக்கு நிரூபணம் உள்ள மருந்துகள் வேறு சாதி. மனச்சோர்வுக்கு வந்த அமிட்ரிப்டிலின், துலாக்சிடின். வலிப்பு மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்த பிரகாபலின், கபாபென்டின். “எனக்கு மனநோயா, வலிப்பா?” என்று அட்டையை இணையத்தில் தேடிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் மாதம் இரண்டு பேராவது உண்டு. அதே மருந்து நரம்பின் கூச்சலை அடக்கவும் பயன்படுகிறது. அதற்காக உங்களுக்கு அந்த நோய் என்று அர்த்தமில்லை.

இவற்றில் அமிட்ரிப்டிலின், துலாக்சிடின், பிரகாபலின் மூன்றில் எது மேல்? இதற்கென்றே பிரிட்டனில் 13 மையங்களில் ஒரு ஆராய்ச்சி நடந்து 2022ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சர்க்கரை நரம்பு வலி உள்ள 130 பேருக்கு ஒவ்வொன்றாக, முறை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் வலி 6.6 மார்க். பதினாறு வாரத்தில் 3.3. அமிட்ரிப்டிலினில் தொடங்கினாலும் அதேதான், துலாக்சிடினில் தொடங்கினாலும் அதேதான், பிரகாபலினில் தொடங்கினாலும் அதேதான். ஒன்று போதாதவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபோது இன்னும் கொஞ்சம் இறங்கியது.

ஆக, பலத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. பக்க விளைவை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அமிட்ரிப்டிலின் விலை மலிவு, தூக்கம் கொடுக்கும். ஆனால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும், புராஸ்டேட் வீங்கின பெரியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், இதய ஓட்டத்தில் கோளாறு இருந்தால் ஆகாது. துலாக்சிடின் முதல் வாரம் குமட்டும். பிரகாபலின் தலை சுற்றும், கால் வீங்கும், எடை ஏறும். கிட்னி குறைவாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். செட்டியாருக்கு ராத்திரி நாலு தடவை எழுந்து சிறுநீர் போகிற தொந்தரவு ஏற்கெனவே உண்டு. அந்த வீட்டில் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு உயரமான வாசற்படி. தலை சுற்றுகிற மருந்தும் உயர்ந்த வாசற்படியும் சேர்ந்தால் இடுப்பெலும்பு போகும். இதையெல்லாம் எழுதி அவருடைய சுகர் டாக்டரிடம் கொடுத்தனுப்பினேன். டாக்டர் துலாக்சிடினைக் குறைந்த அளவில் ஆரம்பித்தார். வருஷக்கணக்கில் சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையும், அதனாலும் பாதம் எரியலாம் என்று அதையும் பார்க்கச் சொன்னார். குறைவாகத்தான் இருந்தது.

மிளகாய் என்று செட்டியார் சொன்னதில் ஒரு வேடிக்கை. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினை வைத்துத்தான் சூட்டையும் எரிச்சலையும் உணர்கிற நரம்பு வாசலை டேவிட் ஜூலியஸ் கண்டுபிடித்தார். 2021ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கேப்சைசினை 8 சதவீதம் வைத்த ஒட்டுப்பட்டையை சர்க்கரைப் பாத வலிக்கு 2020ல் அமெரிக்கா அனுமதித்திருக்கிறது. மருத்துவமனையில் வைத்துத்தான் ஒட்டுவார்கள். வீட்டில் யாரும் வரமிளகாயை அரைத்துப் பூசிவிடாதீர்கள். உணர்வு மரத்த பாதத்தில் கொப்பளம் போட்டால் கால் போய்விடும்.

டைல் போடும் பையன்

இவன் கதை சின்னது. வயது 24. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணாடிமேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் சாயத்தைக் கரண்டியால் ஊற்றி, அச்சை அசங்காமல் தூக்கி, மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, கண்ணாடியோடு தூக்கி ஓரமாக வைக்க வேண்டும். நாள் முழுக்க அப்படித்தான். ஐப்பசியில் ஒரு நாள் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. காலில் மதமதப்பு இல்லை, பலக்குறைவு இல்லை, சிறுநீர் அடக்க முடியாமல் போகவில்லை, காய்ச்சல் இல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். இல்லாவிட்டால் இது பெரும்பாலும் தானே சரியாகிற வலி.

சிட்னியில் இப்படிப்பட்ட 1,652 பேருக்குப் பாரசிட்டமாலும் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். பாரசிட்டமால் போட்டவர்கள் சராசரியாக 17 நாளில் சரியானார்கள். வெற்று மாத்திரை போட்டவர்கள் 16 நாளில். பலமாக ஒன்று கொடுத்தால்? அதே ஊரில் 347 பேருக்கு அபினி வகை மாத்திரையான ஆக்சிகோடோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு வாரத்தில் வெற்று மாத்திரையைவிட ஒரு மார்க்கும் மேல் இல்லை. கடையில் வந்து “நரம்பு மாத்திரை” என்று பிரகாபலின் கேட்கிறவர்கள் உண்டு. சர்க்கரைப் பாதத்துக்குக் கேட்கிற அதே பிரகாபலினை, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலிக்கு 209 பேரிடம் சோதித்தார்கள். 2017ல் முடிவு வந்தது. வலி குறையவில்லை, தலைசுற்றல் கூடியது. இரண்டுமே நரம்பு வலிதான், ஒன்றுக்குக் கேட்பது மற்றதற்குக் கேட்கவில்லை. “எல்லாம் வலிதானே” என்ற ஆச்சிக்கு நான் முதலில் சொன்னது இந்த உதாரணத்தைத்தான்.

பையனுக்கு டாக்டர் சொன்னது: தேவைப்பட்டால் மூன்று நாலு நாள் மட்டும் வலி மாத்திரை, படுத்தே கிடக்காதே, நட. மறுபடி பிடிக்காமல் இருக்க நடையைச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று 2024ல் வந்திருக்கிறது, 701 பேர். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி படிப்படியாகக் கூட்டி, வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் வரை நடந்தவர்களுக்கு அடுத்த இடுப்புவலி வர 208 நாள் ஆனது. நடக்காதவர்களுக்கு 112 நாள். இலவசமாகக் கிடைக்கிற மருந்துக்கு இது நல்ல மார்க். ஆனால் குத்துக்காலிட்டு டைல் போடுகிறவனை வைத்து யாரும் இந்த ஆராய்ச்சியைச் செய்யவில்லை. வேலை முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிறவனிடம் அரை மணி நேரம் நட என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. உட்காருகிற இடத்தில் ஒரு தாழ்ந்த மணையும், கண்ணாடியை வைக்க இடுப்புயரத் திட்டும் போட்டுக்கொடுத்தால் இந்த நூறு நாளைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

இதே தராசில் வேறு வலிகளை வைத்தால் முள் வேறு பக்கம் சாயும். மாதவிடாய் வலியில் ஐபுபுரோஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்றவை நன்றாகவே கேட்கும், ஏனென்றால் அங்கே வலிக்குக் காரணமே புராஸ்டகிளாண்டின்தான். (மெஃபெனமிக் அமிலம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரலாம் என்று 2023ல் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்திருக்கிறது, தடிப்பும் காய்ச்சலும் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.) முகத்தில் மின்னலடிக்கிற ட்ரைஜெமினல் வலிக்குக் கார்பமசிபின் நன்றாகவே கேட்கும். இடுப்புவலியில் உதவாத அபினி வகை, புற்றுநோய் வலியில் இன்றியமையாத மருந்து. உலக சுகாதார நிறுவனம் 1986லேயே படிப்படியான முறையை வகுத்துக் கொடுத்தும், நம் 1985ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்துக்குப் பயந்து மார்ஃபினை வைத்திருக்கவே மருத்துவமனைகள் தயங்கின. 2014ல்தான் சட்டத்தைத் தளர்த்தினார்கள். அந்தத் திருத்தத்துக்காகத் திருவனந்தபுரத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் எத்தனையோ வருஷம் அலைந்தார். இன்னும் பல வீடுகளில் “மார்ஃபினா, வேண்டாம், பழகிப்போயிரும்” என்று சொல்லி, வலியோடு சாக விடுகிறார்கள். எல்லோருக்கும் அஞ்சவேண்டிய மருந்து என்றும் இல்லை, எல்லோருக்கும் பொதுவான மருந்து என்றும் இல்லை.

சரி, ஆச்சி என்ன செய்தார்? 36,000 ரூபாயைத் தள்ளிவைத்தார். ஜெல்லை ஒழுங்காகத் தடவினார். காரைக்குடியில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் ஆறு தடவை போய்ப் பயிற்சி கற்றுக்கொண்டார். முகப்பில் இருக்கிற பர்மா தேக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கணுக்காலில் ஒரு கிலோ அரிசிப் பையைக் கட்டி, காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்குவது. அப்புறம் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. மார்கழி முழுக்கக் கோலம் போட்ட கையோடு இதையும் செய்தாராம். அந்த டப்பாவை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். உள்ளே இருந்ததை அழித்துவிட்டுக் கழுவி வைத்திருக்கிறேன். மூட்டு மாற்றுக்குப் பெயர் கொடுக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “ஆனி ஆடிக்குள்ள பாப்பம்” என்றார்.

தைப்பூசத்துக்கு மறுநாள் போன் வந்தது. “சிங்கம்புணரி வரைக்கும் நடந்தேன் தம்பி. அதுக்குமேல முட்டி பேச ஆரம்பிச்சிருச்சு, கார்ல ஏறிட்டேன். முருகன் கோவிச்சுக்க மாட்டான். ரெண்டு டியூபு எடுத்து வையி. டப்பாவையும் குடுத்துவிடு, சீடை போட டப்பா இல்ல.”